சீவரத்தினத்தார் வீட்டுத் துவக்கு

புருசன் விட்டுப்போன சொத்துகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றோடும் செல்வநாயகிக்கு நல்ல உறவுதான். கொக்குவிலில் மதில் கட்டிய கல்வீடு, இனிப்பான தண்ணீர்க் கிணறு, நாலு தென்னை, பதினாறு கோழி. இவற்றில் எதைப் பற்றியும் அவளுக்கு முறைப்பாடு கிடையாது. ஒத்துவராதது அந்த இரட்டைக் குழல் துவக்கு ஒன்றுதான்.

சீவரத்தினத்தார் உயிரோடு இருந்தபோது வன்னியில் வயல் செய்தவர். பன்றிக்குக் காவலென்று அனுமதிப்பத்திரம் எடுத்து வாங்கிய துவக்கு அது. வயலை விற்ற பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கை அறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். எண்பத்தோராம் ஆண்டில் நெஞ்சுநோவென்று மனிசன் திடீரென்று போய்விட, துவக்கு சாத்திய இடத்திலேயே நின்றது. அனுமதிப்பத்திரத்தைச் செல்வநாயகியின் பெயருக்கு மாற்றியவள் அவளுடைய தமக்கை ஞானாம்பிகை. கல்யாணம் கட்டாத கணக்கு ரீச்சர். தங்கச்சி தனித்துப் போனாள் என்றதும் தன் பெட்டியோடும் புத்தகங்களோடும் வந்து குடியேறியவள், அரசாங்கக் கச்சேரிக்கு மூன்றுதரம் நடந்து காரியத்தை முடித்தாள்.

"எனக்கேன் அக்கா உது? நான் சுடப்போறனே?" என்று செல்வநாயகி கேட்டாள்.

"சுடவேண்டாம். ரெண்டு பொம்பிளையள் தனிய இருக்கிற வீடு. இருக்கட்டும்."

இருந்தது. கூட்டும்போது செல்வநாயகி அந்தக் கதவு மூலையை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுவாள்.

எண்பத்துமூன்று ஆவணியில், கலவரத்துக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த மச்சாள் குணலட்சுமி, ஐந்து வயது மகளோடு அந்த வீட்டில் ஒரு மாதம் தங்கினாள். வந்த மூன்றாம் நாள் காலமை, பிள்ளையின் சத்தமே இல்லையே என்று செல்வநாயகி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளை துவக்கைக் கட்டிலுக்கும் கதிரைக்கும் குறுக்கே கிடத்தி, அதன்மேல் தன் பொம்மையின் சட்டைகளைத் தோய்த்துக் காயப்போட்டிருந்தது. குழல் இரண்டும் நேரே குசினியைப் பார்த்தபடி இருந்தன. குசினியில் குணலட்சுமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

செல்வநாயகி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்துதான் மூச்சு விட்டாள். துவக்கில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கும் தெரியாது, ரீச்சருக்கும் தெரியாது. அடுத்த வளவு ஏரம்பரைக் கூப்பிட்டார்கள். ஏரம்பர் ரயில்வேயில் வேலை பார்த்து இளைப்பாறியவர். மாங்குளம் பக்கம் வேலையாக இருந்த காலத்தில் வேட்டைக்குப் போனதாகச் சொல்லுவார். அவர் வந்து பொம்மைச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பெருவிரலால் நெம்புகோலைத் தள்ளித் துவக்கை நடுவில் மடித்தார். சிவப்புத் தோட்டா இரண்டு நழுவி வந்து அவருடைய உள்ளங்கையில் கிடந்தன.

"தோட்டா போட்ட துவக்கோடைதான் படுத்திருக்கிறியள் ரெண்டு வருசமா," என்றார் ஏரம்பர்.

குணலட்சுமி துருவலையோடு ஓடிவந்து மகளுக்கு முதுகில் ஒன்று வைத்துவிட்டு, பிறகு அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ரீச்சர் அன்று பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டாள். அவள் லீவு போட்டதை அந்த ஒழுங்கையின் இரு பக்கத்து வீடுகளிலும் ஒருவரும் கண்டதில்லை.

பின்னேரத்துக்குள் சட்டம் பிறந்துவிட்டது. முழுத்தாள் கடதாசியில், கரும்பலகையில் எழுதுகிற அதே நேரான எழுத்தில் எழுதி, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாள். துவக்கு எந்நேரமும் வெறுமையாகவே அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். தோட்டாக்கள் சாமியறைப் பெட்டகத்துக்குள், பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில். அலுமாரித் திறப்பு அக்காவிடம், பெட்டித் திறப்பு தங்கச்சியிடம். யார் தொட்டாலும் முதலில் மடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிசத்துக்கு முன்னர்தான் பார்த்தேன் என்று சொன்னாலும் திரும்பப் பார்க்க வேண்டும். குழல் மனிசர் இருக்கிற பக்கம் திரும்பவே கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டக் கூடாது.

ஏரம்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"ரீச்சர், நான் சொல்லுறனெண்டு குறை நினைக்காதேங்கோ. கள்ளன் வந்தால் நீங்கள் ஒரு திறப்புத் தேடி, தங்கச்சி ஒரு திறப்புத் தேடி, பெட்டகத்தைத் திறந்து, தோட்டாவை எடுத்து, மடிச்சுப் பார்த்து... அதுக்குள்ளை அவன் கோழியைப் பிடிச்சுக் குழம்பும் வைச்சுச் சாப்பிட்டிட்டுப் போயிடுவான்."

"போகட்டும். கோழி போனால் வேறை கோழி வாங்கலாம்," என்றாள் ரீச்சர்.

செல்வநாயகிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அன்று இரவு தகரப் பெட்டித் திறப்பைத் தாலிக்கொடியில் கோத்துப் போட்டாள். தாலி கழற்றிய பிறகு பெட்டிக்குள் சும்மா கிடந்த கொடிக்கு ஒரு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலமை தோறும் இருவரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு துவக்கை எடுத்து மடித்துப் பார்ப்பார்கள், எண்ணெய்ச் சீலையால் துடைப்பார்கள், திரும்ப வைப்பார்கள். மூன்று மாதம் போக, செல்வநாயகி தமக்கை சொல்லாமலே அதை மடிக்கப் பழகிவிட்டாள். ஆனால் அதன்மேல் இருந்த பயம் மட்டும் போகவில்லை. அதை அவள் தமக்கையிடம் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஏரம்பர் சும்மா இருக்கவில்லை. சந்திக் கடையில் ஒருநாள் சொன்ன கதை, ஒழுங்கை முழுக்கச் சுற்றி வரும்போது ஆள்வளர்த்தியாக வளர்ந்திருந்தது. ரீச்சர் ஞாயிறு தோறும் குறிபார்த்துப் பழகுகிறாவாம். தங்கச்சி தென்னோலையில் இருந்த காகத்தை விழுத்தினாவாம். அந்த நாளில் களவு மலிந்திருந்தது. சைக்கிள் போனது, ஆடு போனது, பகலில் கூட ஆள் மதில் பாய்ந்தான். ஆனால் அந்த ஒழுங்கைப் பக்கம் ஒருவனும் தலைவைக்கவில்லை. அது துவக்கின் புண்ணியம் என்று எல்லாருமே நம்பினார்கள்.

நம்பிக்கை முற்றியதில், முன்வீட்டுப் பொன்னம்பலத்தின் பெண்சாதி மீனாம்பிகை ஒருநாள் முந்தானைக்குள் ஒரு சின்னப் பெட்டியை மறைத்துக்கொண்டு வந்தாள். "உங்கடை அலுமாரிக்குள்ளை இருக்கட்டும் அக்கா. மகளின்ரை கலியாணத்துக்குச் செய்த பதக்கம் சங்கிலி." அவளைப் பார்த்து மற்றவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. தைப்பொங்கல் வரமுன்னம் அலுமாரிக்குள் ஐந்து வீட்டு நகை சேர்ந்துவிட்டது.

"இப்பதான் இந்த வீட்டிலை களவெடுக்க ஏதோ இருக்குது," என்றாள் செல்வநாயகி. ரீச்சர் சிரிக்கவில்லை.

எண்பத்துநாலு மாசி மாதம் கடிதம் வந்தது. அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குகள் எல்லாவற்றையும் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்று. ரீச்சர் அதை இரண்டுதரம் வாசித்தாள். அடுத்த நாளே கோண்டாவிலில் வாடகைக் கார் வைத்திருந்த இளையதம்பியைப் பிடித்தார்கள். வழியில் பொலிசோ ஆமியோ மறித்தால் காட்டுவதற்குக் கடிதம் ரீச்சரின் கையில். துவக்கு பாயில் சுற்றிப் பின் இருக்கையில். தோட்டாப் பெட்டி முன்னுக்கு, செல்வநாயகியின் மடியில். காரில் கூட இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாதாம்.

"சந்நிதிக் கோயிலுக்கோ போறியள்?" என்று வாசல் படலையில் நின்ற ஏரம்பர் பாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"போய்க் கும்பிட்டிட்டு வாறம்," என்றாள் செல்வநாயகி. பொய் அவ்வளவு கெதியாக வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் இருந்த இளம் பொலிஸ்காரன் பாயைப் பிரித்தவுடன் துவக்கைத் தூக்கித் தோளில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக் கதவைப் பார்த்தான். கதவடியில் ஒரு கிழவர் முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தார்.

"தம்பி!" ரீச்சரின் குரலுக்கு அந்த அறையில் இருந்த நாலுபேரும் எழும்பி நின்றார்கள். "மடிச்சுப் பார்த்தனீரே?"

"இல்லை, ரீச்சர்." அவள் ரீச்சர் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

"முதலிலை மடிச்சுப் பாரும். பிறகு பெயரையும் இலக்கத்தையும் எழுதி எங்களுக்கு ரசீதுத் துண்டு தாரும். இலக்கத்தை நான் பார்த்துச் சொல்லுறன், நீர் எழுதும். பிறகு நீர் வாசியும், நான் பார்க்கிறன்."

துண்டோடு திரும்பி வரும்போது, செல்வநாயகி கார் யன்னலைத் திறந்துவிட்டுக் காற்றை முகத்தில் வாங்கினாள். மடி லேசாக இருந்தது. ஆனால் தட்டாதெருச் சந்தி தாண்டுகையில் ரீச்சர் மெல்லச் சொன்னாள்: "இனிக் கள்ளர் வருவாங்கள்."

"ஏன் வருவாங்கள்? துவக்கு இல்லையெண்டு ஆருக்குத் தெரியும்? உங்களுக்கும் எனக்கும் இந்தத் தம்பிக்கும்தானே."

"நான் பொய் சொல்லமாட்டன், செல்வம்."

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். கேக்கிறவைக்கு நான் சொல்லுறன். என்ன, இளையதம்பி?"

"நான் சந்நிதிக்குத்தான் ஓடினனான் அக்கா," என்றான் இளையதம்பி, தெருவைப் பார்த்தபடி.

அயல்வீடுகளின் நகைகளை வைத்திருக்க மட்டும் ரீச்சர் ஒப்பவில்லை. அது நம்பிக்கைத் துரோகம் என்றாள். ஆகவே அலுமாரியில் கறையான் பிடித்துவிட்டது என்று சொல்லிச் செல்வநாயகி ஐந்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மீனாம்பிகை பதக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கறையான் அரித்திருக்கிறதா என்று கவனமாகப் பார்த்தாள்.

வைகாசி முடிகிற நேரம், ஒரு வியாழக்கிழமை காலமை பதினொரு மணிக்குத்தான் அது நடந்தது. ரீச்சர் பள்ளிக்கூடத்தில். செல்வநாயகி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், குசினி வாசலில் இடுப்பில் சாரம் கட்டிய ஒரு நெடுத்த ஆள், அவளுடைய நெல் அவிக்கிற பித்தளைக் கிடாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான். சீதனமாக வந்த கிடாரம். அவனும் அவளைக் கண்டுவிட்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதலில் வாய் திறந்தது செல்வநாயகிதான். பயத்தில் குரல் கீச்சிட்டது, ஆனால் வந்தது.

"அக்கா! துவக்கோடை வாங்கோ! குசினி வாசலிலை நிக்கிறான்! ஓமோம், தோட்டா ரெண்டும் கிடக்கு, நான் காலமைதான் போட்டனான்! அக்கா, முதல் காலுக்குச் சுடுங்கோ!"

அந்த 'முதல்' என்ற சொல்தான் வேலை செய்தது என்று அவள் பிறகு நினைத்தாள். காலுக்குப் பிறகு எதற்கு என்று அவன் யோசித்திருக்க வேண்டும். கிடாரம் டங்கென்று நிலத்தில் விழுந்து உருண்டது. "அம்மா, சுடாதேங்கோ! நான் போறன், நான் போறன்!" என்று கத்திக்கொண்டு பின் மதிலில் ஏறினான். மதில்மேல் பதித்திருந்த உடைந்த போத்தல் ஓட்டில் சாரம் மாட்டியது. அவன் இழுத்தான், அது வரவில்லை. சாரத்தை மதிலுக்கே கொடுத்துவிட்டு நீலக் காற்சட்டையோடு அந்தப் பக்கம் குதித்தான். ஓடுகிற சத்தம் ரயில் பாதைப் பக்கமாகத் தேய்ந்து போனது.

செல்வநாயகி துணி தோய்க்கிற கல்லில் குந்திச் சிரிக்கத் தொடங்கினாள். அழுகையும் கூடவே வந்தது. அப்போதுதான் பார்த்தாள், தோய்த்த சட்டையை இவ்வளவு நேரமும் கையில் முறுக்கிப் பிழிந்துகொண்டு நின்றிருக்கிறாள். சட்டை கிழிந்துவிட்டது.

பொழுதுபடுவதற்குள் மதிலில் தொங்கிய சாரத்தைப் பார்க்க ஒழுங்கையே திரண்டு வந்தது. அவள் நடந்ததை நடந்தபடி சொல்லவில்லை. "துவக்கெண்டு சொன்னன், ஓடியிட்டான்" என்று மட்டும் சொன்னாள். மீதியை ஏரம்பர் பார்த்துக்கொண்டார். அவர் சந்திக் கடையில் இருக்கும்போது இரண்டு வெடி கேட்டதாம். ஒன்று பெரிதாம், மற்றது கொஞ்சம் சின்னதாம்.

ரீச்சர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் கையிலை கத்தி இருந்திருந்தால்?" என்று கேட்டாள். ரீச்சர் கிடாரத்தைத் தூக்கி, நெளிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அடுப்படியில் வைத்தாள்.

கதை ஒழுங்கையோடு நின்றிருந்தால் பிரச்சினையில்லை. அடுத்த கிழமை சனிக்கிழமை காலமை, இரண்டு சைக்கிளில் மூன்று பெடியள் வந்து படலையில் நின்றார்கள். முன்னுக்கு வந்தவன் மெலிந்த பெடியன், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. ரீச்சரைக் கண்டவுடன் அவன் கை தன்பாட்டில் சட்டைப் பொத்தானைப் பூட்டியது.

"நகுலேசன்," என்றாள் ரீச்சர். "கேத்திரகணிதத்திலை எண்பத்தாறு புள்ளி."

"எண்பத்தெட்டு, ரீச்சர்." பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உங்கடை வீட்டுத் துவக்கை நாங்கள் கொண்டுபோகவேணும். இயக்கத்திலை கேட்டுவிட்டவை."

"அது எங்களிட்டை இல்லை. மாசியிலை பொலிசிலை குடுத்திட்டம்."

"ரீச்சர் பொய் சொல்லமாட்டீங்கள். ஆனால் போன கிழமை கள்ளனைச் சுட்டனீங்களாம். ஊரெல்லாம் கதைக்குது."

செல்வநாயகி முன்னுக்கு வந்தாள். அவளுக்குக் காது சுட்டது. "ஆரும் சுடேல்லை தம்பி. நான் சத்தம் போட்டனான், அவ்வளவுதான். அக்கா அப்ப வீட்டிலையே இல்லை."

"நான் ரெண்டு வெடி கேட்டனான்!" மதிலுக்கு மேலால் ஏரம்பரின் தலை தெரிந்தது. ரீச்சர் வீட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"ஏரம்பண்ணை," என்றாள் செல்வநாயகி, ஒவ்வொரு சொல்லாக. "நீங்கள் கேட்டது கிடாரம் விழுந்த சத்தம்."

"கிடாரம் ரெண்டுதரம் விழுமே?"

"உருண்டது, அண்ணை."

ஏரம்பர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், பெடியளைப் பார்த்தார். நிலைமை மெல்ல மெல்லப் பிடிபட்டது. "ஓம்... உருளிற சத்தம் எண்டும் சொல்லலாம்," என்றார். பிறகு தலை மதிலுக்குக் கீழே போய்விட்டது.

ரீச்சர் பொலிஸ் துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். மற்ற இரண்டு பெடியளும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், நம்பவில்லை. வீட்டைத் தேடவேணும் என்றார்கள்.

"தேடுங்கோ. செருப்பைக் கழட்டிப்போட்டுத் தேடுங்கோ," என்றாள் ரீச்சர்.

தேடினார்கள். கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், பரணில் ஏறினார்கள், பெட்டகத்துக்குள் நெல்லைக் கிளறினார்கள். நகுலேசன் அலுமாரியைத் திறந்தான். உள்ளே சேலைகள். கதவின் உட்பக்கத்தில் அந்தக் கடதாசி. அவன் நின்று அதை வாசித்தான், உதடு அசைய வாசித்தான். கடைசி வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டான்.

"ரீச்சர், கீழை கோடு அடிச்சு ஒப்பமும் வைச்சிருக்கிறீங்கள்."

"சட்டமெண்டால் ஒப்பம் வேணும்." கொஞ்சம் பொறுத்து அவளே கேட்டாள்: "நீங்கள் இருக்கிற இடத்திலை உப்பிடி ஆரும் பார்க்கிறவையே? மடிச்சுப் பார்க்கிறவையே?"

அவன் திரும்பவும் கடதாசியைப் பார்த்தான். ரீச்சர் கடதாசியைக் கவனமாக உரித்தெடுத்து நாலாக மடித்து அவனுடைய சட்டைப்பைக்குள் வைத்தாள். "இனி எங்களுக்குத் தேவையில்லை."

செல்வநாயகி மூன்று பேருக்கும் பிட்டும் மாம்பழமும் வைத்தாள். அவர்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பவும் வைத்தாள். வீட்டுக்குப் போய் எவ்வளவு நாள் என்று கேட்டாள். நாலு மாதம் என்றான் நகுலேசன். அம்மாவைக் கண்டால் சுகமாயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னான். சைக்கிள்கள் ஒழுங்கை முடக்கில் மறைந்த பிறகும் ரீச்சர் படலையைப் பிடித்தபடி நின்றாள். "எண்பத்தெட்டுத்தான்," என்றாள். "நான்தான் பிழையாச் சொன்னனான்."

அவர்கள் போனதுதான் தாமதம், ஒழுங்கை முழுவதும் முற்றத்துக்கு வந்துவிட்டது. மதில்களுக்குக் காது இருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் ஏரம்பர். உண்மையாகவே கோபமாக இருந்தார்.

"மாசியிலையிருந்து துவக்கு இல்லையோ? அப்ப நான் நாலு மாசமா ஆரை நம்பிக் கதவைத் திறந்துபோட்டுப் படுத்தனான்?"

"என்னை நம்பி," என்றாள் செல்வநாயகி.

முதலில் மீனாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கறையான்!" என்றாள். "அக்கா, கறையான் எண்டீங்களே!" அதற்குப் பிறகு பொன்னம்பலம், பிறகு எல்லாரும். ஏரம்பர் மட்டும் கொஞ்சநேரம் முறைத்துக்கொண்டு நின்று பார்த்தார். முடியவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தால் இருமலும் வரும். முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

அன்று பின்னேரமே விறாந்தையில் கூட்டம். இனி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகரமும் தடியும் கிணற்றடியில் தொங்க வேண்டும், ஆள் நுழைந்தால் அடிக்க வேண்டும், சத்தம் கேட்டால் எந்த வேலையென்றாலும் போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவர வேண்டும் என்று ரீச்சர் தலைமையில் தீர்மானமாகியது. எத்தனை அடி அடிப்பது என்பதில்தான் இழுபறி. ஏரம்பர் ரயில்வே முறைப்படி மூன்று என்றார். பொன்னம்பலம், பயந்தவன் எண்ணிக்கொண்டு நிற்பானா, அடிக்கிற அளவுக்கு அடிக்கட்டும் என்றார்.

செல்வநாயகி தேத்தண்ணி ஊற்ற எழும்பினாள். ரீச்சரும் கூட்டத்தை விட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். அது வழக்கமில்லை.

"செல்வம், உனக்கொண்டு சொல்லவேணும். அந்தத் துவக்கு இருந்த காலம் முழுக்க எனக்கு நித்திரை வாறேல்லை. கள்ளனுக்கில்லை. அதுக்குத்தான் பயம்."

செல்வநாயகி கேத்தலைக் கீழே வைத்தாள். "ஞாயிற்றுக்கிழமை விடியவே வேண்டாமெண்டு நான் கும்பிடுவன் அக்கா. நீங்கள் துணிஞ்ச ஆளெண்டு நான் மூச்சுக்கூட விடேல்லை."

"நீ துணிஞ்ச ஆளெண்டு நானும் விடேல்லை."

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார்கள். ரீச்சரின் கண்ணாடி நழுவிச் சீனிப் பேணிக்குள் விழுந்தது. அதை எடுத்துத் துடைக்கும்போது திரும்பவும் சிரித்தார்கள். வெளியில் பொன்னம்பலத்தாரின் குரல் உயர்ந்தது, ஏரம்பரின் குரல் அதற்கு மேலே உயர்ந்தது.

"தங்கச்சி! தேத்தண்ணி வருதோ, இல்லாட்டி நாங்கள் அடிபட்டு முடிய வருமோ?"

"வாறன், வாறன்," என்று செல்வநாயகி பன்னிரண்டு பேணிகளையும் தட்டில் அடுக்கினாள்.